'வேணாம்' என்று அவளே சொல்ல வேண்டும்

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, வாயில் டூத் பிரஷ்ஷோடு, பக்தவத்சலம் ஒரு முடிவுக்கு வந்தார். பல் விளக்கும்போது எடுக்கிற முடிவில் ஒரு வசதி உண்டு. யாரும் எதிர்த்துப் பேச முடியாது. எடுத்தவராலேயே அதை வெளியில் சொல்ல முடியாது.

முடிவு இதுதான். பானுப்பிரியா ஓட்டல் வேலைக்குப் போகக் கூடாது. ஆனால் போகக் கூடாது என்று அவர் சொல்லவும் கூடாது.

இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவர் வாயைத் திறந்து "வோணாம்" என்று சொல்லியிருக்கிறார். பானு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். அவர் வோணாம் என்றார். அவள் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "சரிங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். அன்றிலிருந்து பஸ் லேட்டானால், மழை பெய்தால், தக்காளி தீர்ந்துபோனால், ஏன், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் குரைத்தால்கூட, "அன்னிக்கு வண்டி ஓட்டக் கத்துகினு இருந்தா…" என்று ஒரு பெருமூச்சு வரும். வாக்கியம் முடியாது. பதினாலு வருஷமாக அந்த வாக்கியம் முடியவே இல்லை.

இன்னொரு 'வோணாம்' சொல்ல அவர் உடம்பில் தெம்பு கிடையாது. ஆகவே 'வேணாம்' என்று அவளே சொல்ல வேண்டும். சொல்ல வைக்க வேண்டும்.

பக்தவத்சலத்துக்குப் பூர்வீகம் வெள்ளானூர். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் ஐடிஐ படித்து, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்து நாலு வருஷமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அங்கே செய்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் சிவப்புப் பெயிண்ட்டைத் தொட்டு ஒரு பொட்டு வைத்து ஓரமாகத் தள்ளிவிடுவார். நல்ல பழக்கம்தான். அதை அவர் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டில் குழம்பை ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடுவார். விட்டத்தைப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"ம்ம்… ஏதோ ஒண்ணு கொறையுதுமே."

எது குறைகிறது என்று மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு வந்தது. அடுத்த பிளாக்கில் இருக்கும் பத்மாவின் மகளுக்கு வளைகாப்பு. பத்மாவின் புருஷன் பார்த்தசாரதி, பக்தவத்சலத்தோடு வேலை செய்கிறவர். வளைகாப்புக்குச் சித்திரான்னம் எல்லாம் பானுதான் செய்து கொடுத்தாள், அறுபது பேருக்கு. வந்தவர்களில் ஒரு பெண் புளிசாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, செய்தது யார் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஓட்டல்ல கிச்சன் பாத்துக்குதாம் அந்தப் பொண்ணு. என்னை வேலைக்குக் கூப்புடுது. காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் நாலு வரிக்கும்தான். பூந்தமல்லி பக்கம். போவட்டுங்களா?" என்று பானு கேட்டாள். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பகலெல்லாம் வீடு வெறிச்சென்று இருந்தது. கேட்கும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

எந்த ஓட்டல் என்று பக்தவத்சலம் கேட்கவில்லை. கேட்டால் பாதி சம்மதம் என்று ஆகிவிடும்.

"பாக்கலாம்" என்றார்.

அவர் அகராதியில் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று பொருள். பானுவின் அகராதியில் என்ன பொருள் என்று அவர் யோசிக்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டில் அவள் மறுபடியும் கேட்டாள்.

"பாக்கலாம்னு சொன்னீங்களே, பாத்தீங்களா?"

"பாத்துகினே கீறேன்."

"சீக்கிரம் பாருங்க. தீபாவளி வருது."

அதனால்தான் வியாழக்கிழமை காலை அந்த முடிவு. பத்து மணி டீ நேரத்தில் தொழிற்சாலைக் கேன்டீனில் பார்த்தசாரதியையும் வினோத்தையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வினோத்துக்கு மதுரைப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்டாட்டியின் பெயரைச் சொல்லும்போதே முகம் மலரும் வயசு.

"சனிக்கிழம சாயங்காலம் நம்ம மூணு குடும்பமும் வெளிய சாப்டறோம். தீபாவளி ட்ரீட்டு. என்னுது" என்றார் பக்தவத்சலம்.

பார்த்தசாரதி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன பக்தா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேளு மாமே. நல்லா ஸ்டைலான ஓட்டலா பாத்து போறோம். பெரிய பெரிய செஃப்பு செஞ்ச ஐட்டமா வரும். நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க, ஒவ்வொரு ஐட்டம் வரும்போதும் ஆஹா ஓஹோங்கறீங்க. 'இதெல்லாம் ஊட்ல வருமா? இதுக்குன்னு பொறக்கணும்'னு சொல்றீங்க. பானு கேட்டுகினே இருக்கும். அய்யய்யோ, ஓட்டல் சமையல்னா இம்மா பெரிய வித்தையான்னு அதுக்கே பயம் வந்துடும். ஊட்டுக்கு வந்து, 'அந்த வேலை எனக்கு வோணாங்க'ன்னு அதுவே சொல்லிடும்."

"இதுக்கு நேராவே வேணாம்னு சொல்லிடலாமேய்யா?"

"நீ பத்மாகிட்ட சொல்வியா?"

பார்த்தசாரதி டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ஷர்மிளாகிட்டயாச்சும் சொல்லலாமாண்ணே?" என்றான் வினோத்.

"மூச்சு வுடக் கூடாது."

"சரிண்ணே. உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் பக்தவத்சலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"சனிக்கிழம ஃப்ரெண்டுங்களோட வெளிய சாப்டறோம். அண்ணா நகர்ல."

"அண்ணா நகரா? தீபாவளி கூட்டத்துல திருமங்கலம் தாண்டறதுக்குள்ள வந்த பசி திரும்பிப் பூடும்."

"அப்ப அம்பத்தூர்ல."

"அதே கூட்டம்தான் அங்கியும். இங்கியே கிட்டக்க எதுனா பாருங்க." பானு வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். "ஆனா ஒண்ணு. சென்னீர்குப்பத்துல புச்சா ஒண்ணு தொறந்துகீறாங்களாம், 'சட்டி அண்ட் கோ'ன்னு. அங்க மட்டும் வோணாங்க."

"ஏன்?"

"ரொம்ப ஸ்டைலாம். பெரிய செஃப்புலாம் கீறாங்களாம். நம்மளுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது. எனக்குப் பயமா கீது."

பக்தவத்சலத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பயமா கீது! கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க அவர் தவம் கிடந்திருக்கிறார். கரப்பான்பூச்சிக்குப் பயப்பட மாட்டாள், இடிக்குப் பயப்பட மாட்டாள், அவர் அம்மாவுக்கே பயப்படாதவள்.

"அங்கதான் போறோம்" என்றார்.

"வோணாங்க…"

"நான் முடிவு பண்ணிட்டேன். பேச்சே கெடையாது." உடனே போனை எடுத்து, ஆறு பேருக்கு மேஜை சொல்லிவிட்டார். பானு வெங்காயத்தின் மேல் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றால் அப்படித்தான் என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று குடும்பமும் சட்டி அண்ட் கோ வாசலில் இறங்கியது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்தால் வேறு உலகம். சுவருக்குப் பூச்சு கிடையாது. செங்கல் அப்படியே தெரிந்தது. மேஸ்திரி பாதியில் கோபித்துக்கொண்டு போன வீடு மாதிரி இருந்தது. ஒயரில் குண்டு பல்புகள் மொட்டையாகத் தொங்கின. ஒரு நாற்காலி போல இன்னொரு நாற்காலி இல்லை. மஞ்சள் சாமந்திச் சரம் ஜன்னலுக்கு ஜன்னல் கட்டி, மேஜைக்கு ஒரு அகல் விளக்கு வைத்திருந்தார்கள். அது மட்டும் வீட்டை ஞாபகப்படுத்தியது.

"இன்னும் கட்டி முடிக்கலியோ?" என்று பார்த்தசாரதி கிசுகிசுத்தார்.

"ஸ்டைலே அதான் மாமே. கண்டுக்காத" என்றார் பக்தவத்சலம்.

கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சிரித்த முகமாக ஓடி வந்தாள். பானுவைப் பார்த்ததும் சிரிப்பு இரண்டு மடங்கு ஆயிற்று.

"வாங்க, அக்கா…"

பானு அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். பெண் மீதிச் சொல்லை விழுங்கினாள்.

"…அக்கம்பக்கத்துலேர்ந்தே வர்றீங்களா சார்?"

"ஆவடி" என்றார் பக்தவத்சலம் கம்பீரமாக. "பாத்தியாமே, இன்னா மரியாத!"

பானுவுக்கு நேர் எதிரே அவர் உட்கார்ந்துகொண்டார். அவள் முகம் எப்போது சுருங்குகிறது என்று பார்க்க வேண்டுமே. இடது பக்கம் பார்த்தசாரதி, வலது பக்கம் வினோத். எதிர்ப்பக்கம் பானுவுக்கு ஒரு பக்கம் பத்மா, மறுபக்கம் ஷர்மிளா. மெனு, பரீட்சை எழுதுகிற அட்டையில் கிளிப் போட்டு வந்தது. பார்த்தசாரதி பழைய ஞாபகத்தில் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். நல்லவேளையாகத் தேர்வு எழுத வேண்டியிருக்கவில்லை. தீபாவளி விருந்து என்று ஒன்று இருந்தது. சமையலறையே முடிவு செய்து, ஒவ்வொன்றாக அனுப்பும்.

"அதக் குடும்மா. செஃப்பு இன்னா குடுத்தாலும் சாப்டுவோம். அவங்களுக்குத் தெரியாததா?" என்றார் பக்தவத்சலம், பானுவைப் பார்த்தபடியே.

முதலில் ஒரு கண்ணாடி சீசா வந்தது. வினோத் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"ஆஹா! இதெல்லாம் வீட்ல வருமாண்ணே?"

"அது தண்ணிடா" என்றார் பார்த்தசாரதி.

பக்தவத்சலம் மேஜைக்கு அடியில் வினோத்தின் காலை மிதித்தார். ஷர்மிளா இருமினாள். பத்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

பிறகு உண்மையிலேயே ஒன்று வந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பெரிய தட்டு. அதன் நடுவில் குட்டிக் குட்டியாக ஆறு தோசை. ஒவ்வொரு தோசையின் தலையிலும் கரண்டி நுனியளவு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. அதன் மேல் குடை பிடித்த மாதிரி ஒரே ஒரு கறிவேப்பிலை.

பக்தவத்சலம் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ஆஹா என்று சொல்வதற்காக வாயைத் திறந்து தயாராகத்தான் வைத்திருந்தார். ஆனால் சொல்ல வரவில்லை. கருவாட்டின் உப்பு, புளியின் இழுப்பு, பூண்டு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. கண்ணை மூடினார். விட்டத்தைப் பார்த்தார். அங்கே பல்புதான் தொங்கியது. குறை என்று ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லாகீது" என்றார், தன்னை மறந்து. அப்புறம் வந்த காரியம் ஞாபகம் வந்தது. "இதான்மே சமையல்! இதெல்லாம் ஊட்ல வருமா?"

"வராதுங்க" என்றாள் பானு அடக்கமாக. "ஊட்ல செஞ்சா ஏதோ ஒண்ணு கொறையும்."

"கரெக்டு! அந்த ஒண்ணு இன்னான்னு இப்ப தெர்தா?"

"தெர்லியே. இன்னாங்க அது?"

பக்தவத்சலம் விரலை நக்கிக்கொண்டார். "கை… கைப்பக்குவம்."

"ஓ" என்றாள் பானு. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது டீ கிளாஸில் முருங்கைக்காய் சூப். அதற்கடுத்து, பன்னைப் பிளந்து உள்ளே சுறாப்புட்டு. அப்புறம் சுட்ட கத்திரிக்காய் கொத்சு, பக்கத்தில் விரல் விரலாக வெட்டி நெய்யில் முறுக விட்ட இட்லி. நடிப்பு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று மூன்று ஆண்களுக்குமே தெரியாமல் போய்விட்டது. வினோத் ஆஹா சொல்வதை நிறுத்திவிட்டு இரண்டாவது பன்னுக்குக் கை நீட்டினான். பார்த்தசாரதி கொத்சு கிண்ணத்தைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எங்கியோ சாப்ட மாரி கீது மாமே" என்றார் பக்தவத்சலம், கொத்சை நக்கியபடி.

"நல்ல சாப்பாடுன்னா அப்படித்தான் தோணும்" என்றார் பார்த்தசாரதி.

"ஷோக்கா கீது. மெய்யாலுமே ஷோக்கா கீது. எம்மாம் வருசம் கத்துகினு இருப்பாங்க? வெளிநாட்ல படிச்ச ஆளா இருக்கும். நம்ம ஊட்டு பொம்பளைங்க இங்க வந்து நின்னா, வெங்காயம் வெட்டக் கூட வுட மாட்டாங்க."

பானுவின் தலை குனிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின. பத்மா அவசரமாக அவள் முதுகில் கை வைத்தாள்.

பக்தவத்சலத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அழுகிறாள். பண்டிகை நாளில், நாலு பேர் நடுவில் அழ வைத்துவிட்டோமே. ரொம்பத்தான் போய்விட்டோமோ? ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கூட நினைத்தார். ஆனால் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. பாதி இறுக்கிய போல்ட்டை அப்படியே விட முடியுமா? இன்னும் ஒரே ஒரு சுற்று.

கேழ்வரகு அல்வாவோடு வந்த பெண்ணிடம் சொன்னார்: "அம்மா, செஃப்பைக் கொஞ்சம் கூப்புடும்மா. ரெண்டு வார்த்த பேசணும்."

வெள்ளைக் கோட்டு போட்டு, தலையில் துணி கட்டிய முப்பது வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். "வணக்கம் சார். நான் ரேவதி. கிச்சன் நான்தான் பாத்துக்கறேன். சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"கொறையே இல்லம்மா. இருபத்து நாலு வருசமா எது வந்தாலும் கொறை கண்டுபுடிக்கிறதுதான் என் வேலை. இன்னிக்கு ஒண்ணும் சிக்கல. ஆல் பாஸ்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"ஒரு விசயம் நீயே சொல்லும்மா. இங்க வேலை எப்டி? ஊட்ல சும்மா சாம்பார் ரசம் வெச்சுகினு கீறவங்களால இதெல்லாம் முடியுமா?" கேட்டுவிட்டு, பாடத்தைக் கவனி என்பது போலப் பானுவைப் பார்த்தார்.

"கஷ்டம்தான் சார். அடுப்புச் சூட்ல ஆறு மணி நேரம் நிக்கணும். நிறைய பேர் வந்தாங்க, ரெண்டே நாள்ல ஓடிட்டாங்க."

"கேட்டுக்கோ பானு."

"ஆனா ஒருத்தவங்க மட்டும் நின்னுட்டாங்க சார். வீட்ல சமைச்சிட்டு இருந்தவங்கதான். வந்து மூணு வாரம் ஆகுது. இன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களே, தொக்கு, சூப், புட்டு, கொத்சு, இந்த அல்வா, எல்லாம் அவங்க பக்குவம். மத்தியானமே ரெடி பண்ணி வெச்சிட்டுப் போனாங்க. நான் தட்டுல அடுக்கினதோட சரி."

பக்தவத்சலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டம் எதிர்ப்பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. ஆனால் வாயில் அல்வா இருந்தது. அல்வா அவரைப் பொய் சொல்ல விடவில்லை.

"ஊட்ல சமைச்சுகினு இருந்த அம்மாவா? இம்மா திறமைய வெச்சிகினு ஊட்ல ஒக்காந்துகினு இருந்துச்சா?"

பானு வாய் திறந்தாள். குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது.

"ஏங்க, அந்தம்மா ஊட்டுக்காரரு அவங்கள வேலைக்கு அனுப்புறது சரிதானுங்களா?"

"இன்னாமே கேள்வி இது? இப்டி ஒரு கைய ஊட்ல பூட்டி வெப்பாங்களா? அனுப்பாதவன் மனுசனா?" ஒரு தட்டு தட்டினார் மேஜையில். அகல் விளக்கு ஆடியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தாளு யாரும்மா? பெரிய மனசுக்காரன். நான் அவருக்குக் கை குடுக்கணும்!"

ரேவதி பானுவைப் பார்த்தாள். பானு தலையசைத்தாள்.

"அப்போ உங்க கைய நீங்களேதான் பிடிச்சுக் குலுக்கிக்கணும் சார்" என்றாள் ரேவதி.

பக்தவத்சலத்துக்குச் சட்டென்று புரியவில்லை. ரேவதியைப் பார்த்தார். பத்மாவைப் பார்த்தார். பத்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஷர்மிளா சிரித்துக்கொண்டிருந்தாள். பானு வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அங்கே அழுகை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. கண்ணில் நீர் இருந்தது உண்மை. சிரித்துச் சிரித்து வந்த நீர்.

"மேடம், இப்ப அக்கான்னு கூப்பிடலாமா?" என்று கறுப்பு ஏப்ரன் பெண் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா வீட்டுக்காரரு பாஸ் பண்ணிட்டாரு!" சமையலறைக் கதவு திறந்தது. நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். விஷயம் தெரியாத பக்கத்து மேஜைக்காரர்களும் பிறந்தநாள் போலிருக்கிறது என்று சேர்ந்து தட்டினார்கள்.

பக்தவத்சலம் துணைக்குத் திரும்பினார். பார்த்தசாரதி அல்வாவில் மூழ்கியிருந்தார். வினோத் விட்டத்துப் பல்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அதே நாலு பேர் முன்னால் திரும்ப வாங்க முடியுமா? அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு வெளியே வந்தார்கள். மற்ற இரண்டு குடும்பமும் கிளம்பிப் போனது. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்தவத்சலம் கேட்டார்.

"மூணு வாரமா?"

"மூணு வாரமும் ரெண்டு நாளும். பூந்தமல்லி பஸ்ல வருவேன். நீங்க வர்றதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தபா கேட்டேன். ஒரு தபா பாக்கலாம்னீங்க, இன்னொரு தபா பாத்துகினே கீறேன்னீங்க. சரி, வந்து பாக்கட்டும்னுதான் இட்டாந்தேன்."

"நான் இல்ல இட்டாந்தேன்!"

"ஆமாங்க. நீங்கதான்."

பக்தவத்சலம் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டார். "அப்ப நான் போட்ட பிளானு…"

"வியாழக்கெழம மத்யானமே தெரியும். ஷர்மிளா சொல்லிச்சு."

"வினோத்து உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்னானே!"

"உசுரு போவல. சட்டைய எங்க போட்டேன்னு ஷர்மிளா போன் பண்ணி கேட்டுச்சாம். அதுக்கே சொல்லிட்டாரு."

லாரி ஒன்று பெரிய வெளிச்சத்தோடு கடந்து போனது. அந்த வெளிச்சத்தில் பானுவின் மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னச் சூட்டுத் தழும்பு தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதைப் பார்த்து, "இன்னாமே இது?" என்று கேட்டிருக்கிறார். இஸ்திரிப் பெட்டி என்று சொல்லியிருந்தாள். இஸ்திரி போடுவது அவர்தான், அவள் இல்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தக் கொத்சு போன செவ்வாக்கெழம ஊட்ல செஞ்சியே, அதேதானா?" என்று கேட்டார்.

"அதேதான். உங்களுக்குத்தான் மொதல்ல வெச்சேன். ஏதோ ஒண்ணு கொறையுதுன்னீங்க." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இருபத்திரண்டு வருசத்துல நல்லாகீதுன்னு நீங்க சொல்லிக் கேட்டதில்ல. இன்னிக்கு ஏழு தபா சொன்னீங்க. எண்ணிகினே இருந்தேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பக்தவத்சலத்துக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எட்டாவது தடவையாகச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஆம்பிளை கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. கொஞ்சமாவது மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டாமா? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"சரி. போனது போச்சு. நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போலாம். நான் பர்மிசன் குடுக்கறேன்."

"ரொம்ப சந்தோசங்க." பானு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழமயும் டூட்டி உண்டு. பண்டிகை கூட்டம். ஒம்போது மணிக்கே கெளம்பிடுவேன்."

"ஞாயித்துக்கெழமயா? அப்ப மத்யானம் சோறு?"

"ஊட்ல அரிசி கீது, பருப்பு கீது, காய் கீது. நீங்கதான் செய்யணும்."

"அட, நான் ஒருத்தன்தானே. ரெண்டு பன்னு வாங்கித் துன்னுட்டுப் படுத்துக்கறேன்."

"ஒருத்தரு இல்லீங்க." வண்டி ஆவடி ரோட்டில் திரும்பியது. காற்றில் அவள் குரல் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "பத்மாக்கா, பார்த்தசாரதி அண்ணன், அவங்க பொண்ணு, மாப்ள, மாப்ளயோட அம்மா அப்பா, வினோத்து, ஷர்மிளா, எல்லாரையும் மத்யான சாப்பாட்டுக்குக் கூப்ட்டுகீறேன். பண்டிக நாளாச்சே. நீங்களே ஒங்க கையால சமைக்கப் போறீங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்."

சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, பக்தவத்சலம் பின்னால் பாதி திரும்பிக் கேட்டார்.

"ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தினி டம்ளர் தண்ணிமே வெக்கணும்?"